அம்பைப் பிடுங்கப் போன ரேண்டல்

செஷயரிலிருந்து பிரான்சுச் சண்டைக்குக் கப்பலேறிய வில்லாளிகளில் ரேண்டல் மாதிரி குறி தப்பாமல் அடிக்கிறவன் கிடையாது, பியர்ஸைத் தவிர. இந்தத் 'தவிர'தான் முப்பது வருஷமாக ரேண்டலின் வயிற்றில் கிடந்து எரிந்தது.

இரண்டு பேரும் மேக்கில்ஸ்ஃபீல்டு காட்டோரத்து ஆட்கள். இரண்டு பேருடைய அப்பன்மாரும் பன்றி மேய்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் ஆண்கள் மண்மேட்டைக் குறிவைத்து அம்பு விடுவார்கள். ரேண்டல் நட்ட நடுவில் அடிப்பான். பியர்ஸ் அரை விரல் தள்ளி அடித்துவிட்டு, "சபாஷ்டா" என்று அவன் முதுகில் தட்டுவான். ஜெயித்தவனை விட்டுவிட்டுத் தட்டிக்கொடுத்தவனைத்தான் ஊர் பார்க்கும். எம்மட் என்கிற பெண்ணும் அப்படித்தான் பார்த்தாள். பார்த்தவள் பியர்ஸையே கட்டிக்கொண்டாள்.

இவ்வளவு புழுக்கம் இருக்கிறவன் அவனோடு போய் ஏன் சகோதரச் சத்தியம் செய்தான் என்று கேட்பீர்கள். பிரான்சுக்கு வருகிற வில்லாளிகள் இரண்டிரண்டு பேராகக் கோயில் பீடத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துகொள்வது உண்டு. கிடைப்பதில் பாதிப் பாதி, ஒருவன் பிடிபட்டால் மற்றவன் மீட்கவேண்டும். போர்தோ துறைமுகத்தில் இறங்கிய மறுநாள் பியர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். மறுப்பதென்றால் காரணம் சொல்லவேண்டும். வாய்விட்டுச் சொல்கிற மாதிரி ஒரு காரணமும் ரேண்டலிடம் இல்லை.

மூன்றாவது கோடையில், ஆற்றுத் துறை ஒன்றில் பிரெஞ்சுக் குதிரைக்காரர்கள் மோதினார்கள். நீல மேலங்கி போட்ட ஒருத்தன் முன்னால் வந்தான். ரேண்டல் நாணை இழுத்து விட்டான். குதிரையின் கழுத்தடியில் அம்பு இறங்கியது. குதிரை முட்டி மடித்து விழ, சேற்றில் ஆளும் விழுந்தான். கால் குதிரைக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

ரேண்டல்தான் முதலில் ஓடினான். சரணடைகிறவன் வலக்கை உறையைக் கழற்றி யாரிடம் கொடுக்கிறானோ அவனுக்குத்தான் கைதி சொந்தம், மீட்புப் பணமும் அவனுக்குத்தான். சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் வில்லாளிக்கு வேறொரு பழக்கம் கைக்குள் ஊறிப்போயிருக்கும். விட்ட அம்பைப் பார்த்தால் பிடுங்காமல் இருக்க முடியாது. இடுப்பில் இரண்டே அம்பு மிச்சம், துறைக்கு அந்தப் பக்கம் இன்னும் எதிரி. ரேண்டல் குனிந்து அம்பைப் பிடித்து ஆட்டினான். அது எலும்பில் சிக்கியிருந்தது. காலை ஊன்றி இழுத்துப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது பியர்ஸின் கையில் உறை இருந்தது.

வழக்கு மறுநாள் காலை தளபதி சர் பால்ட்வினிடம் போனது. பாதிப் படை வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"குதிரையைச் சாய்ச்சது என் அம்புங்கய்யா. முதல்ல போனதும் நான்தான். அவன் என் கைதி" என்றான் ரேண்டல்.

"உறை யார்கிட்ட?"

"என்கிட்டங்கய்யா" என்றான் பியர்ஸ். "ஆனா குதிரைய அடிச்சது இவன்தான். அதுல பொய் இல்ல."

இதைக் கேட்டதும் ரேண்டலுக்கு இன்னும் பற்றிக்கொண்டது. அவன் மறுத்துப் பேசியிருந்தாலாவது சண்டை போடலாம்.

தளபதி கைதியிடம் கேட்டார். திபோ என்று பெயர். வீங்கிய காலை நீட்டி ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் பிரெஞ்சில் சொல்ல, தளபதியே எடுத்துச் சொன்னார்.

"முதல்ல வந்தது நீதானாம். இவரு உறையக் கழட்டி நீட்டிருக்காரு. 'ஐயா, ஐயா'ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டும் இருக்காரு. நீ செத்த குதிரையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தியாம். சரி, இவனுக்கு நம்ம குதிரைமேலதான் ஆசை போலருக்குன்னு அடுத்து வந்தவன்கிட்ட குடுத்துட்டாராம்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "குதிரைய மீட்க யாரு பணம் அனுப்புவா ரேண்டலு?" என்று ஒருத்தன் கத்தினான்.

தளபதி கையைத் தூக்கி அடக்கினார். "நீங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ண சகோதரங்கதானே? எப்படிப் பார்த்தாலும் பாதி உனக்கு வந்துடும். அப்புறம் என்னத்துக்குடா வழக்கு?"

ரேண்டல் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அவன் கையால வாங்க வேண்டாங்கய்யா. என் கையால அவன் வாங்கணும்."

பியர்ஸ் அவனைப் பார்த்தான். பிறகு உறையை நீட்டினான்.

"இவ்ளோதானா? இந்தா, நீயே வச்சுக்க. கைதி உன்னோடவன்னு இருக்கட்டும். பாதிய நீ எனக்குக் குடு, வாங்கிக்கறேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. வாங்கினால் அதுவும் பியர்ஸ் கொடுத்ததுதானே. ரேண்டல் தளபதி பக்கம் திரும்பினான். "சத்தியத்தை அறுத்து விட்ருங்கய்யா."

"பாதி போயிடும். நாளைக்கு நீ பிடிபட்டா மீட்க நாதி கிடையாது. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சுங்க."

பியர்ஸ் உறையை இடுப்பில் செருகிக்கொண்டான். முகம் கறுத்துப் போயிருந்தது. ரேண்டலின் முதுகில் தட்டாமல் அவன் போனது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கென்று போன ரேண்டல் கோயில் தூணோரம் நின்றான். பீடத்துக்கு முன்னால் பியர்ஸ் மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் மாடோக் என்கிற வேல்ஸ்காரன், பத்தடியில் இருக்கிற வைக்கோல் போரைக்கூடத் தவறவிடுகிறவன். இரண்டு பேரும் பீடத்தில் கை வைத்தார்கள். பாதிரியார் ரொட்டியைப் பிட்டு ஆளுக்குப் பாதி கொடுத்தார். உறை கைவிட்டுப் போனபோதுகூட ரேண்டலுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

வெளியே வந்து, குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டான். "மாடோக்கைவிட நான் எதுல கொறைஞ்சு போயிட்டேன்?"

"நீதானேய்யா வேண்டாம்னு சொன்ன?"

"நான் வேண்டாம்னு சொன்னா? ஒரு வாரங்கூடப் பொறுக்க மாட்டானா அவன்?"

லாடக்காரன் அடுத்த ஆணியைத் தேடினான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ரேண்டல் அந்தப் படையில் இருந்தான். வேறு யாரோடும் சத்தியம் செய்யவில்லை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மாடோக்கின் அம்புகளில் எத்தனை வீணாய்ப் போயின என்று எண்ணிவந்து சொல்வான், கேட்காதவர்களிடமும்.