சிவப்பு மையில் முதல் பெயர்

சந்திரமதி டீச்சருக்குக் கோபம் வந்தால் விசிலைக் கடிப்பார். ஊத மாட்டார். எங்கள் கீழ்க்காவு உயர்நிலைப் பள்ளியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த இருபத்தாறு வருடத்தில் ஏழெட்டு விசில்கள் அப்படிப் பல் பதிந்தே வீணாயின. காரணம் பெரும்பாலும் கணக்கு வாத்தியார்கள். மழை வந்தால் பி.டி. பீரியட் கணக்குக்கு, பரீட்சை வந்தால் கணக்குக்கு, ஒன்றும் வராவிட்டாலும் கணக்குக்கு. நான் டிராயிங் வாத்தியார், எங்கள் ஊர்ப் பேச்சில் மாஷ். என் பீரியடுக்கும் அதே கதிதான். பறிகொடுத்த இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்போம்.

இளம் வயதில் அவர் குண்டு எறிந்தவர். மாவட்ட விளையாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தார், கல்யாணத்தோடு நின்றுபோயிற்று. "எனக்கு மேல எறியற ஒரு பொண்ணு இந்த ஸ்கூலுக்கு வராமலா போயிடுவா, மாஷே?" என்று ஜூன் மாதம் பிறந்தால் கேட்பார். புதிதாகச் சேரும் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், தோளைத்தான் பார்ப்பார்.

ஷஹர்பான் அப்படித்தான் அகப்பட்டாள். பஸ் நிறுத்தத்தில் சாயாக்கடை வைத்திருந்த மொய்தீன் காக்காவின் மகள். விடிகாலையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்து கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் குண்டைக் கையில் எடுத்தவள், எப்படி எறிவது என்றுகூடக் கேட்கவில்லை. மாவைத் தள்ளுகிற தள்ளுத் தள்ளிவிட்டாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான். ஒன்பது மீட்டருக்கு மேல்.

"மறுபடி அளங்க," என்றார் டீச்சர்.

மறுபடியும் அளந்தேன். அவர் கல்யாணத்துக்கு முன் எறிந்த தூரத்துக்கு ஒரு சாண்தான் குறைவு. அன்று விசிலை ஊதோ ஊதென்று ஊதினார்.

இதோடு விட்டிருக்கலாம். விட்டோமா?

அந்த வருடம் ஆசிரியர்களுக்கு ஆரோக்கிய உணவு பற்றி மூன்று நாள் பயிற்சி நடந்தது. இப்படிப்பட்ட பயிற்சிக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது வழக்கம். டீச்சரோ குறிப்பெடுத்தார். திரும்பி வந்தபோது கையில் எடை பார்க்கும் இயந்திரம், வாய் நிறைய உபதேசம். மைதா ஆகாது, பேக்கரி பஃப்ஸ் ஆகாது, சாயம் போட்ட ஐஸ் ஆகாது. எதுவும் பொய்யில்லை. இடைவேளையில் பயறு வேகவைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் அடித்துப்பிடித்துத் தின்றார்கள். பிள்ளையார் பிடிக்கத்தான் உட்கார்ந்தோம்.

எல்லாரையும் எடை போட்டாயிற்று.

"நோட்டுக்குள்ள கிடந்தா யாரு பார்ப்பாங்க மாஷே? போர்டுல ஒட்டணும். உங்க கையால எழுதிக் கொடுங்க."

எங்கள் அறிவிப்புப் பலகை மார்க் லிஸ்டைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. அதனால் எடையையும் மார்க் போலவே எழுதினேன்: அதிகமானது மேலே, குறைந்தது கீழே. அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கை பழகிய வழியில் போயிற்று. சரியான எடைக்குப் பச்சை மை, கூடினால் சிவப்பு. தலைப்பைச் சுற்றிக் கொடியும் பூவும் வேறு. என் வாழ்நாளில் அதைவிட அழகாக ஒன்றை எழுதியதில்லை, சனியன். ஒன்பதாம் வகுப்பில் முதல் பெயர் ஷஹர்பான், அறுபத்தாறு கிலோ.

"கொஞ்சம் வெட்கம் வந்தாத்தான் வழிக்கு வருவாங்க. அடியாத மாடு படியாது," என்றார் ஹெட்மாஸ்டர். டீச்சர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பையன்களின் வாய்க்கு அவல் கிடைத்தது. "ஃபர்ஸ்ட் ரேங்க் வர்றா, வழி விடுங்கடா!"

"பொறாமைடா உங்களுக்கு! கணக்குல ஒருத்தனாவது அறுபத்தாறு எடுத்திருக்கீங்களா?" என்று அவளும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள்.

"பார்த்தீங்களா, எம்பொண்ணு அசர மாட்டா," என்று டீச்சருக்கு ஒரே பெருமை. சிரித்த வாயைத்தான் பார்த்தோம். அந்த வாய்க்குள் சோறு போகிறதா என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

நாலாவது வாரம் பயிற்சியின்போது, குண்டைக் கழுத்தோடு அணைத்து நின்றவள் அப்படியே மண்ணில் சரிந்தாள். டீச்சர் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

"காலையில என்னடி சாப்பிட்டே?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"நேத்து?"

"மத்தியானம் கொஞ்சம் கஞ்சித்தண்ணி."

"ஏன்டி மோளே? வீட்டுல ஏதாவது சண்டையா?"

"அடுத்த மாசம் மறுபடி லிஸ்ட் போடுவீங்கல்ல டீச்சர். அதுல கடைசிப் பேரா வரணும்."

டீச்சர் எழுந்து போய் அந்தத் தாளைக் கிழித்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது, ஒரேயடியாக வரவில்லை. நகத்தால் சுரண்டினார். நகத்தோரம் ரத்தம் வந்தது, முதல் பெயர் மட்டும் வரவில்லை. நான் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தேன்.

மறுநாள் மொய்தீன் காக்கா வந்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நூறு பேருக்கு நான் தின்னக் கொடுக்கறேன், டீச்சரே. எம்மோளு என் கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்கறா. குண்டும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். அவளை விட்டுடுங்க."

அவள் மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கினாள், மாவும் பிசைந்தாள். மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. அந்த வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டால், டீச்சர் விசிலைக் கடிக்காமல் கொடுத்துவிடுவார். எடை இயந்திரம் பழைய பெஞ்சுகளுக்குப் பின்னால் கிடந்து துருப்பிடித்தது.

ஓய்வு பெற்ற நாளில் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒருத்திதான் வந்தா மாஷே. அவளையும் நானே நிறுத்திட்டேன்." ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த லிஸ்டை எழுதியவன் என்ன ஆறுதல் சொல்வது? போன மழைக்காலத்தில் அவர் காலமானார்.

இந்த ஜூனில் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஷஹர்பான் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் கண் நேரே அந்தச் சிறுபெண்ணின் தோளுக்குத்தான் போயிற்று. அம்மாவின் தோள்தான். பார்க்க வேண்டியவர் இல்லை.

"டீச்சர் சௌக்கியமா மாஷே?"

சொன்னேன். அவள் மைதானத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்தாங்க. தூக்குப் பாத்திரத்துல பயறு வேகவெச்சு எடுத்துக்கிட்டு. ரொம்ப நேரம் கூப்பிட்டாங்க. நான் கதவைத் திறக்கல."

டீச்சர் இதை என்னிடம் சொன்னதேயில்லை. பேச்சை மாற்ற விண்ணப்பத்தைப் புரட்டினேன். உடல்நல அட்டையில் உயரம் எழுதியிருந்தது. எடைக்கான கட்டம் காலி.

"இதை விட்டுட்டியேம்மா," என்று பேனாவை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"நீங்களே எழுதிக்குங்க மாஷே. உங்க எழுத்து ரொம்ப அழகு. இப்பவும் கண்ணை மூடினா தெரியுது."

குரலில் குத்தல் இல்லை, உண்மையாகத்தான் சொன்னாள். நான் பேனாவை மூடிவைத்தேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.