சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

லேகா சேர்ந்த படிப்பின் பெயரை அவள் தெருவில் யாரும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை. பி.காம். வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். பாளையங்கோட்டைக் கல்லூரியில் அவள் சேர்ந்தபோது அந்தப் பிரிவு தொடங்கி இரண்டாவது வருஷம்தான் ஆகியிருந்தது. பி.காம். சி.ஏ. என்று சுருக்கிச் சொன்னால் எதிர்வீட்டு இசக்கியம்மா, "சி.ஏ.வா? அப்ப ஆடிட்டரு ஆயிருவேன்னு சொல்லு" என்பாள். அது வேறு, இது வேறு என்று விளக்கினால், "பொறவு எதுக்குட்டி அந்தப் பேரை வச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

முழுப்பெயர் சித்ரலேகா. திருநெல்வேலி டவுனில், ரதவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. ஒரே பெண். தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது என்பார்கள். அவள் பார்த்தது அப்பா சிவசண்முகம் காலையில் விபூதி பூசிக்கொண்டு பாத்திரக் கடைக்குக் கணக்கு எழுதப் போனதைத்தான். அவளை அந்தப் படிப்பில் சேர்த்ததும் அவர்தான்.

"இனிமே எல்லாக் கடையிலயும் இதுதாம்ளா வரும். நான் பேனாவோட முடிச்சிக்கிடுதேன். நீ அதைப் படி" என்றார்.

அம்மா பிரம்மநாயகிக்கு அது என்ன படிப்பு என்பது கடைசிவரை பிடிபடவில்லை. லேகா சொன்னதில் அவள் மனதில் நின்றது கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் மட்டும்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குளுகுளுவென்று ஏ.சி. ஓடும். ஒவ்வொரு மெஷினுக்கும் துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார்கள். அதை எடுத்து மடித்து வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். தின்பண்டம், தண்ணீர் எதுவும் கூடாது. உள்ளே சத்தம் போட்டுப் பேசக் கூடாது.

"கோயில் மாதிரில்லா இருக்கு" என்றாள் பிரம்மநாயகி. அன்றிலிருந்து லேப் இருக்கிற நாளில் லேகா தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது வீட்டில் சட்டமாகிவிட்டது.

மூன்றாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. லேகாவோடு ஒரே மெஷினில் உட்காரும் ஸ்டெபி மருந்துக்கடைக்கு எழுதினாள். லேகா அப்பாவின் பாத்திரக் கடையை எடுத்துக்கொண்டாள். எந்தப் பாத்திரம் எத்தனை இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது, எது தீரப்போகிறது என்று கேட்டவுடன் திரையில் வரவேண்டும்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சிவசண்முகம் சட்டையைக் கூடக் கழற்றாமல் பெயர்களைச் சொல்வார். சருவம், போணி, தவலை, உருளி, கும்பா, தூக்குவாளி. கடையில் அடுக்கியிருக்கிற வரிசையிலேயே, வாசலில் தொடங்கி உள்ளறை வரைக்கும் நடந்துபோகிற மாதிரி சொல்வார்.

"சருவத்துக்கு இங்கிலீஷ்ல என்னளா?"

"சருவம்னேதாம்பா. இங்கிலீஷ் எழுத்துல அடிப்போம்."

"அப்ப அதுக்கும் நம்ம பாஷை விளங்குது" என்று திருப்தியோடு குளிக்கப் போவார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தார். முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டிருந்தார். பிரம்மநாயகி வாய்வுப் பிடிப்பு என்று நினைத்தாள். இஞ்சியும் ஓமமும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். "குடிச்சிட்டுப் பைய சாஞ்சி படுங்க, இறங்கிரும்" என்றாள். அவரும் குடித்துவிட்டு, காரமாக இருக்கிறது என்று சொல்லிப் படுத்தார். வியர்த்து வழியத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வராந்தாவில் பெரியப்பா நடராஜிடமும் லேகாவிடமும் பேசினார். பிரம்மநாயகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சிவசண்முகம் போய்விட்ட பிறகு பிரம்மநாயகி எதையும் தன் கையால் யாருக்கும் கொடுக்க யோசித்தாள். லேகா தலைவலி என்று மாத்திரை கேட்டால், "அங்கன டப்பாவுல இருக்கு, நீயே எடுத்துக்கோ" என்பாள். குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, "உப்பு நீ போடு. என் கை இனிமே சரிப்படாது" என்று நகர்ந்துகொள்வாள். சொல்லும்போது அழுவதில்லை. மழை வருகிறது, துணியை எடு என்கிற குரல்தான்.

லேகா படிப்பைத் தொடர்ந்தாள். பெரியப்பா, "அவன் சேத்துவிட்டது, முடிச்சிரட்டும்" என்றார்.

புரட்டாசியில் லேப் மெஷின்களில் வைரஸ் புகுந்துவிட்டது. லேப் பொறுப்பிலிருந்த கிருபைராஜ் சார் பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "லீவுல எல்லா மெஷினையும் மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தப்போறேன். அவங்கவங்க புரோகிராமை ஃப்ளாப்பியில எடுத்துப் பத்திரமா வச்சிக்கோங்க. பொறவு என்கிட்ட வந்து அழக்கூடாது."

லேகா எடுத்துக்கொண்டாள். கறுப்பு நிற ஃப்ளாப்பி, உள்ளங்கை அகலம், ஓரத்தில் தள்ளினால் திறக்கும் தகர மூடி. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினாள்.

"இந்தத் தட்டுக்குள்ளயா?"

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்மா. அப்பா சொன்ன பேரு பூரா."

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பண்டிகை கிடையாது. சரஸ்வதி பூஜையும் கிடையாது. அதனால் அன்று மத்தியானம் லேகா ஸ்டெபி வீட்டுக்குப் படிக்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசல்கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பலகையில் அவளுடைய அக்கவுண்டன்சி புத்தகம், அதன்மேல் ஃப்ளாப்பி, ஒரு முழம் பிச்சிப்பூ, இரண்டு வாழைப்பழம். தெருவுக்குத் தெரியக் கூடாதென்று மணி அடிக்காமல் பூஜையை முடித்திருந்தாள் பிரம்மநாயகி.

ஃப்ளாப்பியின் நெற்றியில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

"வருஷம் திரும்பாமச் செய்யக் கூடாதுதான். உம் பரீட்சை வருதே, எனக்கு மனசு கேக்கல" என்றாள். பிறகு கொஞ்சம் பெருமையோடு, "அந்தத் தகரத்தைத் தள்ளுனா கண்ணு மாதிரித் திறக்குட்டி. உள்ளயும் ஒரு பொட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

உள்ளே தூசி பட்டாலே அது கெட்டுப்போகும். உடனே எடுத்துத் துடைத்தால் ஒருவேளை தப்பலாம். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜைக்கு முன்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஏன் என்று சொல்லவேண்டும். அப்பா போனதிலிருந்து அம்மா தன் கையால் ஒரு காரியத்தை முழுசாகச் செய்து பார்த்தது இதுதான்.

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லி விபூதி எடுத்துப் பூசிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து லேப் திறந்தது. தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்த ஃப்ளாப்பியை மெஷினில் செருகினாள். உள்ளே கறக் கறக்கென்று தேய்கிற சத்தம். திரையில் ஒரு கேள்வி வந்தது: விட்டுவிடவா, மறுபடி முயலவா, தோல்வி என்று எடுத்துக்கொள்ளவா? மறுபடி முயலச் சொல்லி அழுத்தினாள். அதே கேள்வி. மறுபடி அழுத்தினாள். ஸ்டெபி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, விடு. மெஷினும் போயிரும்."

சத்தம் கேட்டு கிருபைராஜ் வந்தார். வெளியே எடுத்துப் பார்த்தார். விளிம்பில் குங்குமம் மிச்சமிருந்தது.

"என்னம்மா, இதுக்குப் பூ முடிக்கிற விசேஷமா? யாரு பொட்டு வச்சது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். லேகாவின் முகத்தைப் பார்த்ததும் அவரே குரலை இறக்கினார். தகரத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "வேற காப்பி?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

"துறைத்தலைவர்ட்ட நான் சொல்லுதேன். அடுத்த தடவை நடக்கும்போது ஓட்டிக் காட்டலாம். அம்மாவைக் கூட்டிட்டு வந்து, வீட்டுல இப்படி ஆயிப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லு. ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

கல்லூரிக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் இஞ்சிக் கஷாயம் கொடுத்ததையே மனதில் செரிக்க முடியாமல் இருப்பவளிடம், நீ வைத்த பொட்டில் என் படிப்பு நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? வருஷம் திரும்பாமல் விளக்கேற்றியதால் வந்த தண்டனை என்று எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அவளைத் தேற்ற ஆளில்லை.

"பரீட்சைக்குள்ள திரும்ப எழுதிருதேன் சார். அம்மா வேண்டாம்" என்றாள்.

"எழுத முடியாதும்மா. நாள் இல்ல."

"லேப் சாவியை மட்டும் காலையில வெள்ளன தாங்க."

அவர் சரி என்றார்.

முதல் பஸ்ஸில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போய், வகுப்புக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தாள். ஸ்டெபி தன் நேரத்தில் பாதியைக் கொடுத்தாள். தொடக்கத் திரையைத் தன்னுடையதிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "மருந்தும் பாத்திரமும் ஒண்ணுதாம்ட்டி, ரெண்டும் அலமாரியிலதான் இருக்கு." புரோகிராமின் எலும்புக்கூடு மெல்ல எழுந்துவிட்டது. பாத்திரங்களின் வரிசைதான் வரவில்லை; அப்பா சொல்லச் சொல்ல எழுதிய தாள்களை மெஷினில் ஏற்றியதுமே தூக்கிப் போட்டிருந்தாள். அப்பா வாசலிலிருந்து உள்ளறைக்கு நடந்த நடையில் பாதியிலேயே அவளுக்கு வழி மறந்தது. கடைக்குப் போய்க் கேட்கவும் முடியாது. போனால் கடை முதலாளி அண்ணாச்சி பெரியப்பாவிடம் சொல்வார். பெரியப்பா வீட்டில் சொல்வார்.

ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "ஏம்மா, அப்பா கடையில தவலைக்கு அடுத்தாப்ல என்ன இருக்கும்?"

பிரம்மநாயகி அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவது ஒரு கணம் நின்றது. பிறகு, பரண் மேலிருந்த பாத்திரங்களை நிமிர்ந்து பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். கல்யாணமான புதிதில் அவர் கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாராம். எந்த மாதம் எந்தப் பாத்திரம் வீட்டுக்கு வந்தது என்பதை வைத்தே அலமாரி அலமாரியாக ஒப்பித்தாள். லேகா குனிந்தபடி எழுதிக்கொண்டாள். ஏன் கேட்கிறாய் என்று அம்மா கேட்கவில்லை.

தேர்வன்று வந்தவர் சென்னைக்கார அம்மாள். புரோகிராம் ஒரு இடத்தில் தடுக்கி நின்றது. லேகா சரிசெய்து மறுபடி ஓட்டினாள். "சருவம்னா என்ன?" என்று அவர் கேட்டார். கையை விரித்து வாயகலம் காட்டிச் சொன்னாள். தேறினாள். ரொம்ப உயர்ந்த மதிப்பெண் இல்லை.

அடுத்த வருஷம் ஆடியில் திதி முடிந்து வருஷம் திரும்பியது. லேகா ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சரஸ்வதி பூஜைக்கு இந்த முறை வாசல்கதவு திறந்தே இருந்தது. சுண்டல் வாசம் தெருவரை போனது. பலகையில் புத்தகங்களை அடுக்கிய லேகா, வேலைக்காக வாங்கிய புது ஃப்ளாப்பியைப் பையிலேயே விட்டிருந்தாள்.

"அதையும் எடுத்து வை" என்றாள் பிரம்மநாயகி.

கொடுத்தாள். பிரம்மநாயகி அதை வாங்கி, தயாராக வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டாள். வாயை இரண்டு மடிப்பு மடித்தாள். கவரின் மேல் சந்தனம் தொட்டு வைத்தாள்.

லேகா அந்தக் கவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப தெரியும்?" என்றாள்.

"தவலைக்கு அடுத்தாப்ல என்னன்னு கேட்டியே, அன்னைக்கு. ஒங்கப்பா சொல்லி நீ எழுதுனதை நான் பாத்துட்டுத்தான இருந்தேன். பொட்டு வச்ச அந்தத் தட்டு கெட்டுப்போகாம எதுக்குத் திரும்பக் கேக்கப்போற?" குங்குமத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருக்கலாம்லா. கேட்டா செத்தா போயிருப்பேன்? அதான், எல்லாரும் எங்கிட்ட எதையுமே சொல்லாமலே இருக்கியோ. ஒங்கப்பாவைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒருத்தரும் வாயைத் திறக்கல. சொல்லாம இருந்தா நான் என்னன்னு நெனப்பேன்?"

லேகா பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக, அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளிடம் மறைத்து வைத்திருந்தது டாக்டர் சொன்னதைத்தான்.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்னு சொன்னார்" என்றாள். "பிழைச்சிருப்பார்னு சொல்லல. அடைப்பு பெருசுன்னார். கஷாயத்தைப் பத்திப் பெரியப்பா கேட்டாங்க. அது ஒண்ணும் செஞ்சிருக்காதுன்னார்."

"முந்தி வந்திருந்தா."

"ஆமாம்மா."

பிரம்மநாயகி விளக்கின் திரியைத் தூண்டினாள். விரலில் பட்ட எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டாள். தெருவில் இசக்கியம்மா யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். பிறகு அடுப்படியைப் பார்த்து, "சுண்டலுக்கு உப்பு போடலையே" என்று எழுந்து, தானே போய்ப் போட்டாள்.