லயத்து நடுச்சுவரும் என் கணினியும்

எழுதிப் பழக்கப்பட்டவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் இப்படி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லப் போனால் நான் பாதியில் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். அவர்களும் "அட விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கண் தெரியாது. பிறவியில் அப்படி இல்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. சில வருடங்களில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது. கொழுந்து மலைக்குப் போவதை விட்டேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில், அண்ணனும் அண்ணியும் இருக்கிற காம்பராவில்தான் நானும் இருக்கிறேன். அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் காலையில் லயமே பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பிப் போன பிறகு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும்.

பதுளையில் பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணன்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே சொல்லிக்கொடுத்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் கண் தெரியாது. என்னைவிட வயதில் சின்னவர்தான், இருந்தாலும் எனக்கு அவர் சேர். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை எனக்குப் பழக்கியவர் அவர்தான். எந்த விசையை அமுக்கினாலும் அது சொல்லும். எழுதியதைத் திரும்ப வாசிக்கும். என் கணினியில் அது ஒரு பெண்குரலில் தமிழ் பேசியது. அண்ணன் வாங்கித் தந்த பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு தமிழில் தட்டச்சு செய்யப் பழகினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வேலை வருவது போல இருந்தது. ஆட்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அப்படியே தமிழில் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள், இணையத்தில், குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்கு. அன்று எழுதாதவர்களுக்கு இன்னொரு நாள் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கணினியில் புதிய இயங்குதளம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னுடையது பழையது.

அண்ணன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனார். கடையில் புதியதைப் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பினார். "பேசுது, நானே கேட்டேன்" என்றார். அன்று இரவு கரண்ட் இல்லாததால் நான் அதைத் திறக்கவில்லை. தேர்வுக்கு முன் இன்னும் ஒரு பகல்தான் இருந்தது.

மறுநாள் எல்லாரும் மலைக்குப் போன பிறகு கணினியைப் போட்டேன். விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டும் விசையை அமுக்கினேன். கன்ட்ரோல், ஆல்ட், 'என்' எழுத்து, மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். திரைவாசிப்பானை எழுப்புவதற்கு அதுதான் வழி. ஒன்றும் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றிச் செருகினேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். கண் தெரியாதவளுக்குப் பேசாத கணினி என்பது சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு தகரம், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தடவிப் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் எங்கள் லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது பழைய லயம். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. அந்த வீட்டில் தாளிப்பது இந்த வீட்டில் மணக்கும். அந்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில் நடப்பது போலக் கேட்கும். அப்படி இருந்தும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு நம் காதில் விழவில்லை என்பதுதான் அந்த மரியாதை. இரவு முழுக்கப் புருசனும் பெண்சாதியும் கத்தியிருப்பார்கள். காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கண்டால் "தண்ணி நல்லா வருதா?" என்று மட்டும் கேட்போம். வெறும் நடிப்பு இல்லை இது. சின்ன வயதிலிருந்து பழகிப் பழகி, கேட்டாலும் மனதில் ஏறாது. ஆனால் சுவரில் ஒருவர் தட்டிவிட்டால் அது வேறு. தட்டினால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும்.

நான் ஹெட்செட் போடுவதும் அதனால்தான். என் கணினி நாள் முழுக்கப் பேசி, பக்கத்து வீட்டாருக்குக் கேட்காத மாதிரி இருக்கும் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்று.

மத்தியானம் வரை நானே போராடினேன். சேருக்குப் பேசலாம்தான். எந்த நேரமும் எடுங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் வகுப்பில் இருப்பார், எதற்குத் தொல்லை என்று நினைத்து நினைத்து நேரத்தைக் கடத்தினேன். கடைசியில் அழுகை வந்தது. தேர்வை நினைத்து மட்டுமில்லை. அண்ணன் துண்டில் சுற்றிக்கொண்டு போனதை நினைத்தும்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தேன்.

"சேர், செத்துப்போச்சுங்க."

"ஆர்?" என்று பதறினார்.

"கொம்பியூட்டருங்க."

"அட கடவுளே! எனக்கு நெஞ்சு நிண்டிட்டுது அக்கா." பிறகு சிரித்தார். "சரி, பதறாதேங்கோ. ஹெட்செட்டைக் காதில இருந்து கழட்டுங்கோ. போனை ஸ்பீக்கரில போட்டு மெஷினுக்குப் பக்கத்தில வையுங்கோ. நானும் கேக்கவேணும்."

வைத்தேன். திரைவாசிப்பானை மறுபடி எழுப்பச் சொன்னார். எழுப்பினேன். ஏதாவது ஒரு எழுத்தை அமத்தச் சொன்னார். அமுக்கினேன். இன்னொன்று. இன்னும் ஒன்று. 

"அக்கா, அங்க ஆரும் கதைக்கினமோ?"

"இல்லீங்க சேர். எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க."

"இல்லை, தூரத்தில ஒரு ஆம்பிளைக் குரல் கேக்குது. இங்கிலீஸ்."

"அது பக்கத்து வீட்டுலங்க. டீவியா இருக்கும்."

"காலமையிலயிருந்து ஓடுதோ?"

"தெரியலீங்க. நாங்க அதெல்லாம் கேக்கிறதில்லீங்க."

"கேக்கிறதில்லையெண்டா? காதில விழுந்தாலுமோ?"

"விழுந்தாலுங்க."

அவருக்கு நான் சொன்னது விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு மிகவும் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அக்கா, இண்டைக்கு ஒருக்கா மட்டும் கேளுங்கோ. ஒரு எழுத்தை அமத்திப்போட்டு, அந்தச் சுவர்ப் பக்கம் காதைக் குடுங்கோ."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆள் இல்லாத வீடுதான், இருந்தாலும் திருடப் போவது போல இருந்தது. ஏ என்ற எழுத்தை அமுக்கிவிட்டுக் காதைக் கொடுத்தேன். சுவருக்கு மேலாக, ஒரு வெள்ளைக்காரன் குரலில், "ஏ" என்று வந்தது. எம் அமுக்கினேன். "எம்" என்றான்.

"டீவி என்ன சொல்லுது?" என்று சேர் கேட்டார்.

"நான் அமுக்கிறதத்தாங்க சொல்லுது."

அவர் சிரித்த சிரிப்பில் போன் மேசையில் அதிர்ந்தது. எனக்கும் அழுத கண்ணோடு சிரிப்பு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டில் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. காலையில் சாமிப் பாட்டுப் போடுவார்கள். போன தீபாவளிக்கு அண்ணன் என் கணினியை அதோடு சேர்த்து லயத்துக்கே பாட்டுப் போட்டார். பிறகு என் கணினியில் புளூடூத்தை அணைத்து வைத்திருந்தோம். புதிய இயங்குதளம் வந்ததும் அது தானாகத் திறந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பாட்டுப் போட்ட போனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள். என் கணினி அதைக் கண்டுபிடித்து அதோடு ஒட்டிக்கொண்டது. போதாததற்கு, மாற்றத்தில் தமிழ்க் குரலும் போய், ஆங்கிலக் குரலுக்கு மாறியிருந்தது. காலையிலிருந்து அது வாய் ஓயாமல் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் மரியாதையாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மேசையைச் சுவரோடு ஒட்டி இழுத்துப் போட்டேன். சேர் ஒவ்வொரு விசையாகச் சொன்னார். நான் அமுக்கிவிட்டு, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து பதில் வரும் வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். நடுவில் கூரைத் தகரத்தில் சொட்டுச் சொட்டாக மழை விழத் தொடங்கியது. எங்கள் பக்கத்து மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

"சேர், மழை வருதுங்க."

"கெதியா அமத்துங்கோ. அம்புக்குறி வலப்பக்கம். என்ன சொல்லுது?"

"வைஃபைங்க."

"இன்னும் ஒருக்கா."

"புளூடூத்… ஆன்-னு சொல்லுதுங்க."

"அதுதான். கீழ இருக்கிற நீளக் கட்டையை, ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கோ."

தட்டினேன். பக்கத்துக் காம்பராவில் 'டுங்' என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. மேசையில் கிடந்த ஹெட்செட்டுக்குள் வெள்ளைக்காரன் பேசத் தொடங்கினான். அதற்குப் பிறகுதான் மழை கொட்டியது. அந்தச் சில நிமிடம் பொறுத்துக்கொண்ட மழைக்கும் என் நன்றி சேரும்.

தமிழ்க் குரலைத் திரும்பக் கொண்டுவர அந்தி வரை ஆனது. எங்கள் காம்பராவுக்குள் போனில் பேசலாம், இணையத்துக்கு மட்டும் சிக்னல் வாசற்படியில்தான் எடுக்கும். போனைப் படியில் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குக் கீழே, நனையாமல் வைத்துவிட்டு, குரல் இறங்கும் வரை காவல் இருந்தேன். சேர் தன் வகுப்பை முடித்துவிட்டு மறுபடி எடுத்துக் கேட்டார், மறுபடியும் எடுத்துக் கேட்டார். கடைசியில் அந்தப் பழைய பெண்குரல், நான் முன்பு தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் தமிழில் வாசித்தபோது, வீட்டுக்கு ஆள் வந்தது போல இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். எல்லாவற்றையும் சொல்லி, அவளுடைய ஸ்பீக்கருக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் இடுப்பில் கட்டிய ஈரப் படங்குத் துணியை அவிழ்க்காமலே எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ அக்கா! அப்ப அது நீங்களா?"

"எது?"

"எங்க வீட்டு ஆளு மத்தியானம் சோறு திங்க வந்துருக்காரு. பூட்டுன வீட்டுக்குள்ள யாரோ இங்கிலீசுல பேசுறாங்களாம். தோட்டத்துத் தொரை வந்துட்டாருன்னு பயந்து, சோறும் வேணாம் ஒன்னும் வேணாம்னு திரும்பி ஓடிட்டாரு."

"பூட்டுன வீட்டுக்குள்ள தொரை எப்படி வருவாரு?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'தொரைக்குப் பூட்டு ஒரு கேடா'ங்கிறாரு. பசியில ஆளு மூஞ்சியப் பாக்கணும்!"

கொல்லையில் விறகு எடுத்துக்கொண்டிருந்த அண்ணி அதைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. ஹெட்செட் வாங்குவதற்கு முன்பு, பழகத் தொடங்கிய காலத்தில், என் கணினி சத்தமாகத்தான் பேசும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக அமுக்குவேன். அது திரும்பத் திரும்பச் சொல்லும். எத்தனையோ நாள் கணினியை மூடிவிட்டு வாய்விட்டு அழுதிருக்கிறேன். அப்போது அவள் கைக்குழந்தையோடு பகலெல்லாம் வீட்டில் இருந்தாள்.

"அப்ப நான் அழுததெல்லாம் ஒனக்குக் கேட்டிருக்குமே?" என்றேன்.

"எப்ப அழுதீங்க?" என்றாள். படங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. "நீங்க சொவத்துல தட்டவே இல்லையே அக்கா. தட்டியிருந்தா வந்திருப்பேன்ல."

எழுந்து, "சோறு ஆக்கணும், தொரை பசியோட வருவாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் பெரட்டுக்குப் போகும் முன் அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்குத் தேர்வு எழுதினேன். மத்தியானம் சேருக்குப் பேசி, எழுதி அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். பின்னேரம், நான் தேறிவிட்டேன் என்று தேர்வு வைத்தவர்கள் எழுதி, முதல் வேலையாகத் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு பதிவையும் அனுப்பியிருந்தார்கள்.