பெரியகடையில் மூன்று பின்னேரங்கள்

என் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றைக் குழப்பியவன் நான்தான். அதுவும் ஒரு சொட்டுக் குடிக்காமலே குடிகாரன் என்று பெயரெடுத்துக் குழப்பினேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர்களுக்கென்ன, முப்பத்தைந்து வயதில் ஒரு தங்கை அவர்கள் வீட்டில் இல்லை.

மாப்பிள்ளை தென்மராட்சிக்காரர். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வங்கியில் வேலை, அந்த ரவுணிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். சாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று தங்கையும் அவரும் கால் மணித்தியாலம் தனியாகக் கதைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் முகமே வேறு. எத்தனையோ சம்பந்தம் தட்டிப் போன வீடு எங்களுடையது. அவள் சந்தோசமாக இருந்ததைப் பார்க்க எங்களுக்குப் பயமாகவே இருந்தது.

பயந்தபடியே மொட்டைக் கடிதம் வந்தது. எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிற இந்தக் காலத்திலும், எங்கள் பக்கத்தில் கலியாணம் குழப்புகிறவர்கள் முத்திரை ஒட்டித்தான் குழப்புவார்கள். இரண்டே வரி. பின்னேரமானால் மாப்பிள்ளை பெரியகடைப் பக்கத்துப் பார்களில்தான் கிடப்பாராம். அப்பா குடித்தே செத்தவர். அதனால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் கேட்கிற கேள்வி உத்தியோகம் அல்ல, குடி. அம்மா கடிதத்தைத் தங்கை கண்ணில் படாமல் மடித்து வைத்துவிட்டு, "நீதான் போய் ஒருக்காப் பாக்கவேணும் மோனை, வேறை ஆரை அனுப்பிறது?" என்றார்.

நான் கணக்குப் படிப்பிக்கிற வாத்தி. பாருக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. பெரியகடை எனக்குப் பகலில் நல்ல பழக்கம். தோடும் சேலையும் வாங்கப் போகிற இடம். மாலை ஆறு மணிக்குப் பிறகு அங்கே வேறொரு ஊர் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நகைக்கடைகள் தகரக் கதவை இழுத்துப் பூட்ட, ஒழுங்கைகளுக்குள் மற்றக் கதவுகள் திறக்கின்றன. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்கள். ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர், வளைந்த வாசல், உள்ளே நீலமும் சிவப்புமாய் வெளிச்சம். குருநகரில் மீன் விற்று முடித்தவர்கள், கந்தோரில் வேலை முடித்து வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து அரைக்காற்சட்டையோடு திரிகிறவர்கள் என்று ஒரே சனம். இருட்ட முதலே செத்துப்போகிற நகரத்தில் வளர்ந்தவன் நான். ஊரடங்கு நேரத்தில் இந்தத் தெருக்களில் நாய்கள் மட்டும்தான் நடக்கும். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. தங்கை வாழ்க்கைக்காக வந்துவிட்டு இதென்ன புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் நாள் மூன்று இடம் ஏறி இறங்கினேன். மாப்பிள்ளையைக் காணவில்லை. சும்மா நின்று எட்டிப் பார்த்தால் பரிமாறுகிற பெடியள் முறைக்கிறார்கள். ஆகவே இரண்டாம் நாள் ஒழுங்கை முழுக்கத் தெரிகிற ஒரு பாரில், வாசலைப் பார்த்தபடி மேசை பிடித்தேன். இஞ்சிச் சோடாவும் அவித்த கடலையும் எடுத்தேன். கிளாசில் ஊற்றினால் அந்தச் சோடா சாராயத்தின் நிறம்தான். அந்த நேரம் அது என் மூளையில் ஏறவில்லை.

எதிர் மேசையில் வெள்ளைச் சேட்டோடு ஒரு வயதானவர் வந்து இருந்தார். "தம்பி எவடம்?" என்று கேட்டார். தனியே இருந்து அலுத்துப்போன நான், சண்டிலிப்பாய் என்றும் வாத்தியார் என்றும் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். மனிசன் தலையை ஆட்டிக் கேட்டார்.

மூன்றாம் நாளும் அவர் அங்கேதான் இருந்தார். நான் கதிரையில் இருக்க முதலே பரிமாறுகிறவன் வந்து, "வழமையானதுதானே சேர்?" என்றான். ஓம் என்றேன். அந்த மனிசன் என் கிளாசைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. அவருக்குக் கடலை வேண்டுமா என்று வேறு கேட்டேன். மாப்பிள்ளை அன்றும் வரவில்லை. கடிதம் சுத்தப் பொய் என்று துள்ளிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் தொலைபேசி எடுத்தார். சாதகத்தை வேறிடத்தில் காட்டினார்களாம், செவ்வாய் சரியில்லையாம். நான் விடாமல் நெருக்கியபின் உண்மை வந்தது. நாங்கள் மாப்பிள்ளையை விசாரித்ததுபோல அவர்களும் எங்களை விசாரிக்க மாப்பிள்ளையின் தாய்மாமனை அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணின் தமையன் முதல் நாள் பின்னேரம் பார் பாராய் ஏறி இறங்கியதை எங்கள் ஊரிலேயே யாரோ கண்டு சொல்ல, அவர் பின்னால் வந்து எதிர் மேசையில் இருந்து பார்த்திருக்கிறார். அவரும் சோடாதான் குடித்தாராம். அந்தக் கூடத்தில் குடிக்காமல் இருந்த இரண்டே இரண்டு பேர் நாங்கள்தான்.

மானத்தை விட்டு அந்தத் தாய்மாமன் வீட்டுக்குப் போனேன். நான் குடித்தது சோடா என்பதையும் எதற்காக அங்கே போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தங்கள் பிள்ளையை வேவு பார்த்தேன் என்றதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் தேத்தண்ணி தந்தார், குரல் உயர்த்தவில்லை.

"குடிக்கிறவன் எவன் தம்பி குடிக்கிறனான் எண்டு சொன்னவன்? உன்ரை அப்பரைப் பற்றியும் விசாரிச்சனாங்கள், குடிச்சே செத்தவராம். விரை ஒண்டு போடச் சுரை ஒண்டு முளைக்குமோ?"

கணக்கில் பிழை விட்டால் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். இதை எங்கே போய் அழிக்கிறது? மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

இதற்குள் மொட்டைக் கடிதமும் நான் பாருக்குப் போனதும் சம்பந்தம் குழம்பியதும் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு, மாப்பிள்ளையும் அங்கே குடித்துக்கொண்டு இருந்தான் என்று அவளிடம் சொல்லச் சொன்னார். குடிகாரன் என்று நினைத்தால் சீக்கிரம் மறந்துவிடுவாளாம். நான் சரி என்றேன்.

தங்கை குசினியை ஒட்டிய தன் அறையில் அடுத்த நாளைக்கு உடுக்கிற சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணை, அவரை அங்கை கண்டனீங்களோ?"

பொய் தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"இல்லை."

"மூண்டு நாளும்?"

"மூண்டு நாளும் காணேல்லை."

"அப்ப நல்ல மனிசன்தான்," என்றாள்.

சேலையை நாலாய் மடித்துக் கட்டிலில் வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அம்மா சொல்லித் தந்ததையே சொல்லியிருக்கலாம் அண்ணை."