துணிப்பட்டையின் மறுமுனை

ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் இறுக்கமான நீளக் காலுறையை டீச்சரின் காலில் ஏற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாதியை உள்புறமாக மடித்து, குதிகாலில் சரியாக உட்கார வைத்து, சுருக்கம் விழாமல் மேலே இழுக்க வேண்டும். சுருக்கம் விழுந்த இடத்தில் தோல் புண்ணாகும். சிஸ்டர் குனிந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். படகு அறையின் சன்னலுக்கு வெளியே கரை நிதானமாகப் பின்னால் போயிற்று.

"இறுக்குதா?"

"சுற்றுலா வந்த இடத்துலயும் உனக்கு என் கால்தான் வேடிக்கையா?" என்றாள் டீச்சர். பக்கவாதம் வந்த பிறகு அவள் வார்த்தைகள் வழுக்கின. கேலி மட்டும் வழுக்கவில்லை.

சிஸ்டர் ஆயுசில் பாதியை அடுத்தவர் வீட்டுக் கட்டில்களின் பக்கத்தில் கழித்தவள். படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, பலரை வழியனுப்பியும் வைத்தாள். அந்த வீடுகளில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் சிஸ்டர். இளம் வயதில் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழிகள் இரண்டு பேருக்கும் இன்று அவள் சிஸ்டர்தான். ஒருத்தி டீச்சர். இன்னொருத்தி வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள்.

ஆற்றில் ஐந்து நாள் படகுப் பயணம் என்று மேனேஜர் கூப்பிட்டபோது சிஸ்டர் மறுக்கத்தான் இருந்தாள். வழியில் ஒரு சிறு நகரத்தில் படகு சிறிது நேரம் நிற்கும் என்று கேட்டதும் பெட்டியை எடுத்தாள். அந்த ஊரில் அவள் மகள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். மகளின் பிரசவத்தின்போது சிஸ்டர் வேறொரு வீட்டில், இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு இருந்தாள். நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றே நாள் போயிற்று. பெரியவர் போய்ச்சேர்ந்து இவள் கிளம்பியபோது பேத்திக்குத் தொப்புள்கொடி விழுந்திருந்தது. மகள் சண்டை போடவில்லை. பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

"வந்தா வா. மதியம் சாத்துற வரைக்கும் கடையிலதான் இருப்போம். அதுக்கு மேல உனக்காகக் காத்திருக்க மாட்டேன்" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

"நீ தாராளமா போயிட்டு வாடி. டீச்சர்கிட்ட நான் உட்கார்ந்துக்கிறேன்" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தாள்.

படகில் ஏறிய அன்றே மேனேஜர் தனக்குத் தனி அறையும் மற்ற இருவருக்கும் சேர்த்து ஓர் அறையும் பிரித்தாள். "நான் குறட்டை விடுவேன். உங்க தூக்கம் ஏன் கெடணும்?" என்றாள். படுக்கப் போகும்போது சிஸ்டர் பையிலிருந்து நைந்த பருத்தித் துணிப்பட்டையை எடுத்தாள். ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையை டீச்சரின் மணிக்கட்டிலும் தளர்வாகக் கட்டினாள். நோயாளி அசைந்தால் பட்டை இழுக்கும், இவள் விழித்துக்கொள்வாள். தொழிலில் எத்தனையோ வருடப் பழக்கம். யாரும் கட்டச் சொல்லவில்லை.

நகரத்துத் துறையில் படகு நின்றது. சிஸ்டர் நல்ல உடையை உடுத்தி, பேத்திக்கு வாங்கிய சின்ன நீலக் குடையைக் கையில் எடுத்தாள். மேனேஜரைக் காணோம். சன்னல் வழியே பார்த்தால், அகலத் தொப்பியோடு கும்பலுக்கு முன்னால் கடைத்தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து டீச்சர் வாந்தி எடுத்தாள். படுக்கையும் நனைந்தது.

சிஸ்டர் கதவைத் திறந்து படகுப் பணியாளைக் கூப்பிட்டாள். "கொஞ்ச நேரம் இவங்களைப் பார்த்துக்க யாராவது வருவாங்களா?"

"நீங்கதானேம்மா இவங்களைப் பார்த்துக்க வந்த ஆள்? அந்தத் தொப்பி மேடம் அப்படித்தானே சொன்னாங்க" என்றான் அவன்.

சிஸ்டர் வெந்நீர் கேட்டாள். துடைத்து, உடை மாற்றி, விரிப்பை உருவி, புரையேறாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். டீச்சரின் மூச்சு சீரானதும் மகளின் கடைக்கு ஓடினாள். கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. பக்கத்தில் சாவி செய்பவர், "இப்பத்தான் போறாங்க. குழந்தை வர மாட்டேன்னு ஒரே அழுகை" என்றார்.

போன் செய்தாள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று மகள் கேட்டாள்.

"டீச்சருக்கு. வந்து..."

"இருக்கட்டும்மா. எப்பவும் யாருக்காவது இருக்கும்."

அதற்குள் படகு ஊதிவிட்டது.

சாயங்காலம் மேனேஜர் பைகளோடு அறைக்குள் வந்தாள். "என்னடி, பொண்ணைப் பார்த்தியா?"

"கடை சாத்திட்டா."

"அடடா. கடைத்தெருவுல நேரமாயிடுச்சுடி. நீ இருக்கிற தைரியம்தான் எனக்கு."

"வேலைக்கு வந்த ஆள்னு சொன்னியாமே?"

"அதுவா? அப்படிச் சொன்னாத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே அறை தர்றாங்க. இதைப் போய் மனசுல வச்சுக்குவாங்களா?"

கட்டிலிலிருந்து டீச்சர் மேனேஜரைப் பார்த்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொன்னாள். "கூப்பிடுறது ஊர் சுத்தவா, வேலைக்கான்னு இவகிட்ட நேரா சொல்லிடுன்னேன். நீ சொல்லல. நானும் சொல்லல. சொன்னா இவ வர மாட்டாளே."

சிஸ்டர் டீச்சரைப் பார்த்தாள். கோபம் வந்தது. தலையணை நழுவியிருந்ததைப் பார்த்துக் கையும் போயிற்று. சரிசெய்துவிட்டுப் படகின் மேல்தட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை படகு தண்ணீர் பிடிக்க ஒரு சின்னத் துறையில் நின்றது. மேனேஜர் காப்பிக் கோப்பையோடு டீச்சரின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர், ராத்திரியும் கட்டியிருந்த பட்டையைத் தன் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, மேனேஜரின் மணிக்கட்டில் கட்டினாள்.

"என்னடி இது?"

"அவ அசைஞ்சா இழுக்கும். இழுத்தா எழுந்திரு. கால் உறையில சுருக்கம் விழக்கூடாது. சாப்பிட்டதும் படுக்க வைக்காதே."

"எனக்கு இதெல்லாம் எங்கடி வரும்?"

"எனக்கும் பிறக்கும்போதே வரலை."

டீச்சரின் வாய் பாதி கோணியது. சிரிப்போ அழுகையோ, சிஸ்டர் நின்று பார்க்கவில்லை. பெட்டியையும் நீலக் குடையையும் எடுத்துக்கொண்டு பலகை வழியே இறங்கினாள். கரையில் குழாயைப் பிடித்திருந்தவனிடம், நேற்று படகு நின்ற ஊருக்குப் பஸ் எங்கே வரும் என்று கேட்டாள்.