ஷோகேஸில் ஒரு வெள்ளை வைன்

சனிக்கிழமை திரான்சியில் ரயிலேறி கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கும்போதே உடம்பு அலுத்துவிட்டது. வாரம் முழுக்க ஆபீஸ். ஓய்வாகப் படுத்துக் கிடக்க வேண்டிய நாளில் ஒரு பஞ்சாயத்து! தமிழும் பிரெஞ்சும் தெரிந்தவனுக்கு நம் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் வேறென்ன வேலை?

சிவலிங்கண்ணை அங்கே பிலிப்-து-ஜிரார் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வீடு கடைக்கு மேலேயே. மகள் ஆரணிக்கு வியன்னாவில் வேலை. லீவுக்கு வந்தவள் லூக்காஸ் என்ற ஆஸ்திரியப் பையனையும் அழைத்து வந்திருந்தாள். ‘சிநேகிதன்’ என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

போன் பண்ணி என்னை வரவழைத்தவள், படியிலேயே மறித்தாள்.

“மாமா, பப்பாவுக்கு லூக்காஸைப் பிடிக்கேல்லை. நாளைக்கு வெளிக்கிடுறம். இனி நான் இவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வரமாட்டன்.”

மிச்சத்தை பிரெஞ்சில் கொட்டினாள். லூக்காஸின் பெற்றோர் திராட்சை பயிரிடுகிறவர்கள். சொந்தத் தோட்டத்து வெள்ளை வைன் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணையிடம் கொடுத்திருக்கிறான். அவரோ அதை ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டார். தினமும் அவனுக்கு விஸ்கிதான் ஊற்றுகிறாராம். அவன் வீட்டு வைனை ஒரு வாய் ருசி பார்க்காதது, அவனையே வேண்டாம் என்பதுபோல... சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் கணவாய்ப் பொரியல், பால் சொதி, நண்டுக்கறி. பக்கத்தில் இருந்த லூக்காஸிடம் அந்த வைனைப் பற்றி பிரெஞ்சில் கேட்டேன். க்ரூனர் வெல்ட்லீனர் என்கிற ரகம் என்றான். நன்றாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டுமாம். தேசிக்காய் மாதிரி ஒரு புளிப்பு, கடைசியில் லேசான மிளகுக் காரம். பொரித்த மீன், கடலுணவு, பச்சைக் காய்கறி எல்லாவற்றோடும் சேருமாம். சொல்லிவிட்டுக் கணவாயை ஏக்கமாகப் பார்த்தான்.

சொதிக்கும் அது பிரமாதமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நண்டுக்கறிக்கு மட்டும் சரிவராது. அந்த உறைப்புக்கு முன்னால் எந்த வைன் நிற்கும்?

மெதுவாக ஆரம்பித்தேன்.

“அண்ணை, அந்தப் போத்தலை உடைப்பமே?”

“விசர்க்கதை கதையாதை தம்பி. வைன் வைக்க வைக்கத்தானே திறம்? அதை ஏன் இப்ப உடைப்பான்?”

“பின்னை எப்ப உடைக்கிறது?”

“கலியாணத்துக்கு.”

ஆரணி நிமிர்ந்தாள். “ஆற்றை கலியாணம்?”

“உங்கடை கலியாணம்தான். பெடியன் தன்ரை வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து தந்திருக்கிறான். எனக்கு விளங்காதே?”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் லூக்காஸின் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? புது சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை. நல்ல பீங்கான் கோப்பைகள் அலுமாரியில்... பாசத்தையும் அப்படித்தான் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிறதுதானே என்று இருந்துவிடுகிறோம். பிள்ளைக்குத் தெரியவில்லையே! இதை விளக்க ரயிலேறி ஒருவன் வர வேண்டியிருக்கிறது. நிஜமாகவே களைத்துவிட்டேன்.

லூக்காஸ் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். இது வைத்திருக்கிற வைன் இல்லை, இளசாகவே குடிப்பது, கிடந்தால் அந்தப் புதுச் சுவை போய்விடும். அதையும் மொழிபெயர்த்தேன்.

அண்ணை பதறிப்போனார். எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்து போத்தலை எடுத்தார். அப்பாடா! நான் கிளாஸைத் துடைத்துத் தயாராக வைத்தேன்.

அவர் போத்தலை பிரிட்ஜுக்குள் பத்திரமாகப் படுக்கவைத்துக் கதவை மூடிவிட்டு, மகளைப் பார்த்தார்.

“அப்ப சுணங்காமல் கலியாணத்தை வையுங்கோ.”