பலகை ஒருவருக்கு, கயிறு ஒருவருக்கு

எங்கள் ஊரில் குத்துச்சண்டை என்று வாய் திறந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "உங்கட வாப்பா பெரிசா, கற்பிட்டிக்காரர் பெரிசா?" மீன் வாங்கப் போனாலும் கேட்பார்கள், பல் பிடுங்கப் போனாலும் கேட்பார்கள். மகளிடம் கேட்கிற கேள்வியா இது? நான் எப்போதும் வாப்பா என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு முறைப்பேன். அதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

வாப்பா தொண்ணூறில், முஸ்லிம்களை வடக்கைவிட்டு விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர். அப்போது மீசைகூட முளைக்கவில்லை. உப்பளத்தில் மூட்டை தூக்கித் தோள் வளர்த்தார். கற்பிட்டிக்காரர் தென்னந்தோட்டத்துப் பிள்ளை, பரம்பரையாகக் காணி உள்ள குடும்பம். இரண்டு பேரும் ஒரே நிறை. முதல் முறை மோதியபோது வாப்பா வென்றார். எங்களை அகதி என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் அன்று பின்னேரமே "நம்மட பொடியன்" என்றன. இரண்டாம் முறை கற்பிட்டிக்காரர் வென்றார், அதுவும் புள்ளிக் கணக்கில். மூன்றாவது சண்டை நடக்கவே இல்லை, ஏனென்றால் சண்டை பிடிக்க மேடை இல்லாமல் போய்விட்டது.

அந்த மேடை இரண்டு பக்கமும் சேர்ந்து போட்டது. பலகை முழுக்கக் கற்பிட்டிக்காரரின் தோட்டத்து மரம். நாலு கம்பத்தையும் கயிற்றையும் கொடுத்தது வாப்பாவின் ஆட்கள், மன்னாரிலிருந்து வந்த மீன்பிடிக்காரர்கள். தீர்ப்புப் பிழை என்று வாப்பாவின் ஆட்கள் கோபித்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே கயிற்றை அவிழ்த்துக் கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கயிறில்லாத மேடை எதற்கு என்று மற்றப் பக்கம் பலகையைக் கழற்றி லொறியில் ஏற்றியது. இரண்டு பக்கமும் மகா நேர்மையான ஆட்கள். அடுத்தவனின் ஆணி ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை!

அதற்குப் பிறகு வாப்பா உப்பளத்துக்குப் பின்னால் மணலில் கம்பத்தை நட்டு, கயிற்றைக் கட்டிப் பழக்கினார். களப்புத் தண்ணிக்கு அந்தப் பக்கம் கற்பிட்டிக்காரர் தென்னைகளுக்கு நடுவில் பலகையைப் போட்டுப் பழக்கினார். அதைச் சுற்றிக் கயிறு கிடையாது.

இரண்டு பேரும் எங்களுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வாப்பாவிடம் பழகியவர்களைக் கயிற்றில் சாத்தினால் பிடிக்கவே முடியாது. சாய்ந்து, வழுக்கி, குனிந்து, எப்படியோ வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் காலுக்குக் கீழே பலகை வந்தால் போச்சு. மணலில் இழுத்து இழுத்துப் பழகிய கால் பலகையில் ஒரு எட்டு கூடப் போய்விடும், அடி இலக்கைத் தாண்டிவிடும். கற்பிட்டிக்காரரின் ஆட்களோ பின்வாங்கவே மாட்டார்கள். அதை ஊர் வீரம் என்றது. வீரமுமில்லை ஒன்றுமில்லை, பின்னால் ஒரு கால் வைத்தால் பலகையிலிருந்து தென்னை மூட்டில் விழ வேண்டும், அந்தப் பயம்தான். வெளியூர் போட்டிக்குப் போய் இவர்கள் ஒரு விதமாகத் தோற்றார்கள், அவர்கள் இன்னொரு விதமாகத் தோற்றார்கள். அந்த இரண்டு பேருக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு ஒரு வெற்றிக் கிண்ணம்கூட வரவில்லை. ஆளுக்கு அரை மேடையை வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடையில் முழுப் பெருமை பேசினார்கள்.

நானும் வாப்பாவிடம் அந்த மணலில் பழகியவள்தான். போன வருடம் பெண்களுக்கான மாவட்ட அணித் தெரிவு வந்தது. என் நிறைக்கு ஒரே ஓர் இடம். எனக்கு அது வேண்டும். சாப்பாட்டையும் நித்திரையையும் விட அதிகமாக வேண்டும். வழக்கமாகத் தெரிவு சிலாபத்தில் நடக்கும். ஒழுங்கான மேடை இருந்தால் இந்த முறை புத்தளத்திலேயே வைக்கலாம் என்று விளையாட்டு உத்தியோகத்தர் சொன்னார். என்னைப் பார்த்து "பெண் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை" என்று உச்சுக்கொட்டிய இந்த ஊரின் முன்னாலேயே வெல்ல வேண்டும் என்று எனக்குள் தீப்பிடித்தது. அடுத்த பஸ்ஸில் கற்பிட்டிக்குப் போனேன்.

கற்பிட்டிக்காரர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உன்ட வாப்பா அனுப்பினாரா?"

"இல்ல. நானா வந்தன்."

"ஆலங்குடாவில என்னட்டப் பழகுற புள்ள ஒண்டு இரிக்கி, தெரியுமா? அவளும் உன்ட நிறைதான். அவளத் தோக்கடிக்க என்ட பலகையையே கேக்கிற?"

"ஓம்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, லொறிக்காரனுக்கு ஆள் அனுப்பினார்.

வாப்பாதான் பெரிய பாடு. "அவன்ட பலகையில என்ட கயிறா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றில் கை வைக்க மறுத்தார். "கயிறும் வேணும், நீங்களும் வேணும். ரெண்டும் வராட்டி நான் சிலாபத்துக்குப் போய்த் தோத்துட்டு வாறன், உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்று கத்தினேன். உம்மா குசினியில் சமைத்தபடியே என்னைத்தான் ஆதரித்தார். கடைசியில் வாப்பா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மைதானத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வாப்பா முட்டியால் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கற்பிட்டிக்காரர் முழுப் பாரத்தையும் போட்டுக் கயிற்றில் சாய்ந்து பார்த்தார். குறை சொல்ல இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே அவர்களுக்குப் பெரிய எரிச்சலாக இருந்திருக்கும்.

தெரிவு நாளன்று ஊரே வந்திருந்தது. தலைத்துணிக்கு மேல் தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டு ஏறினேன். ஆலங்குடாக்காரி கடல் வெயிலில் கறுத்து, திண்ணென்று இருந்தாள். கைகொடுக்கும்போது சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

முதல் சுற்றில் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓரடி வைத்தால் இரண்டடி போகிறது. அடித்த கை காற்றில் போக, அவள் வந்து வந்து அடித்தாள். இரண்டாம் சுற்றில் என்னைக் கயிற்றோடு சாத்தினாள். அதுதான் என் வீடு! கயிற்றில் சாய்ந்து அவளைக் காற்றைக் குத்த வைத்து, வெளியே வந்து நன்றாகக் கொடுத்தேன். மணி அடித்தபோது இரண்டு பேரும் சமம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்றாம் சுற்று தொடங்கியதும் வாப்பா கத்தினார். "கயித்துக்குப் போ, மகள்! கயித்துக்குப் போ!"

மற்ற மூலையிலிருந்து கற்பிட்டிக்காரரின் குரல் வந்தது. "அவள் கயித்துக்குத்தான் போவாள். வாப்பாட புள்ளதானே, வேறென்ன தெரியும்? போற வழிய மறி!"

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. போக மாட்டேன் என்று நடுப்பலகையில் காலை ஊன்றினேன். ஆலங்குடாக்காரி முன்னால் வந்தாள், நான் அசையவில்லை. திரும்ப வந்தாள், நானும் முன்னால் போனேன். தோளோடு தோள் முட்டி நின்று அடித்துக்கொண்டோம். அப்போதுதான் அவள் ஓரடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னொன்று. முதுகில் கயிறு பட்டது.

கயிறே இல்லாத இடத்தில் பழகியவள் அல்லவா, விளிம்பு வந்துவிட்டது, விழப்போகிறோம் என்று நினைத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் கீழே திரும்பிப் பார்த்தாள். எனக்கு அது போதும். வலது கை போய் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் விழவில்லை, அவள் விழுகிற ஆளுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சுற்று என்னுடையது. கடைசி மணிவரை நான் விடவே இல்லை.

நடுவர் என் கையைத் தூக்கினார். மைதானம் அதிர்ந்தது. உச்சுக்கொட்டிய வாய்களும் கத்தின. ஒருவர் "பாத்தீங்களா, வாப்பாட கை!" என்றார். இன்னொருவர் விடவில்லை. "கை கிடக்கட்டும். நடுவில நிண்டது கற்பிட்டிக்காரர்ட கால்!" உடனே மேடைக்குக் கீழே வாப்பாவும் கற்பிட்டிக்காரரும் கழுத்து நரம்பு புடைக்க, கையா காலா என்று தொடங்கிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் பல்கவசத்தைத் துப்பிவிட்டு, கயிற்றுக்கு மேலால் எட்டி நின்று கத்தினேன்.

"கையும் என்டது! காலும் என்டது!"

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஆலங்குடாக்காரி. பிறகு ஊரே சிரித்தது, பிறகு ஊரே கைதட்டியது. நடுவர் விட்ட பிறகும் அந்தக் கையை நான் இறக்கவில்லை.